அணி பிரிப்பது யார்?

"விளையாட்டுக்குச் சாதி கிடையாது" என்று பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. சேரிக்கும் ஊருக்கும் தனித்தனிச் சுடுகாடு வைத்திருக்கும் ஊரின் தலைவர்கூட, பள்ளி ஆண்டு விழாவில் கோப்பை கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார். மைதானத்தில் கிடந்த இந்த வாசகம் இப்போது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. விளையாட்டு வழியாகப் பாடம் நடத்துங்கள், பிள்ளைகள் பேதமில்லாமல் கலந்துவிடுவார்கள் என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்கிறார்கள்.

நாங்கள் விளையாட்டுவழிக் கற்றலுக்கு எதிரிகள் அல்ல. அது முதலில் எங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேண்டும் என்கிறோம். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். வகுப்பில் அணி பிரிப்பது யார்?

சின்னக் கேள்விபோலத் தெரியும். பயிற்சிக் கையேடுகளில் விளையாட்டின் பெயர் இருக்கும், தேவையான பொருள்கள் இருக்கும், எத்தனை நிமிடம் என்று இருக்கும். "மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரிக்கவும்" என்ற ஒரு வரியும் இருக்கும். எப்படிப் பிரிப்பது என்று இருக்காது. அந்த ஒரு வரிக்குள் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பந்து ஒன்று, குவளை இரண்டு

விளையாட்டுக்குச் சாதி இல்லை என்பவர்கள் பல்வாங்கர் பாலுவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1876-ல் தார்வாரில், தீண்டப்படாத சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பராமரித்தார். துரைமார்கள் பயிற்சி எடுப்பதற்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை.

1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த பின்னும் அவரை இந்து அணிக்குத் தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டல் அந்த இடத்துக்கு வந்தது 1923-ல். அதற்கு முன்னால் சகோதரர்கள் அணியைவிட்டு விலகி எதிர்ப்புக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை வகுப்பறைக்குள் வைத்துப் பாருங்கள். மட்டை யார் கையில்? தலைவர் யார்? ஆட்டம் முடிந்தபின் தண்ணீர் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் மாறாமல், பந்தை மட்டும் எல்லாரும் தொட்டால் சாதி போய்விடும் என்றால் 1911-லேயே போயிருக்க வேண்டும்.

எங்களுக்கு விளையாட்டு ஏன் வேண்டும்

பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளியில் கோணிச் சாக்கில் தனியாக உட்கார வைக்கப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சாக்கைப் பள்ளியின் துப்புரவுப் பணியாளரும் தொடமாட்டார். தினமும் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவர வேண்டும். ஒருநாள் ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தார். சாதி இந்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தனவாம், தீட்டுப் பட்டுவிடுமாம். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது.

வகுப்பறைச் சாதி என்பது முதலில் இட ஒழுங்குதான். யார் எங்கே உட்காருவது, யார் கரும்பலகை வரைக்கும் நடந்து போவது, யார் எதைத் தொடுவது. நாற்பது நிமிடம் கை கட்டி, வாய் பொத்தி உட்காரும் வகுப்பில் அந்த ஒழுங்கு கலையவே கலையாது. விளையாட்டு கலைக்கும். வட்டமாக நில்லுங்கள் என்றதும் முன் வரிசை, கடைசி வரிசை என்பது இல்லாமல் போகிறது. கை கோத்துக்கொள்ளுங்கள் என்றதும் தொட்டாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் எங்களுக்கு விளையாட்டு வேண்டும்.

தமிழ்நாடு இதை ஓரளவு பார்த்த மாநிலம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் நாற்காலியைவிட்டுத் தரையில் பாயில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. கரும்பலகைக்குப் போனதற்காக ஒரு பிள்ளை விரட்டப்பட்ட நாட்டில், கரும்பலகையே பிள்ளையிடம் இறங்கி வந்தது சாதாரண விஷயம் இல்லை. "தரையில் உட்கார்ந்து அட்டை வைத்து விளையாடுகிறார்கள், இது ஒரு பள்ளிக்கூடமா" என்று அதைக் கேலி பேசியவர்களையும் நாங்கள் மறக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாடல், கதை, பொம்மலாட்டம், அட்டை விளையாட்டு என்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது. ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கை பொம்மைவழிக் கல்வி பேசுகிறது. இரண்டு அரசுகளும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளட்டும். நாங்கள் இரண்டு பேரையும் கேட்கிறோம்: ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் இருக்கிற வகுப்பில், சாதி பார்த்து அணி சேராமல் தடுப்பது எப்படி என்று உங்களுடைய எந்தக் கையேட்டின் எந்தப் பக்கம் ஆசிரியருக்குச் சொல்லித் தருகிறது? காட்டுங்கள்.

"பிள்ளைகளே சேர்ந்துகொள்ளட்டும்"

வகுப்பில் அணி மூன்று வழிகளில் பிரிகிறது.

ஒன்று, "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்." கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! ஒரே தெருவில் இருக்கிறவர்கள் ஒன்றாகச் சேருவார்கள். தெரு எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே அணி பிரியும். ஊர் ஓர் அணி, காலனி ஓர் அணி. பிறகு அந்த இரண்டு அணிகளுக்கும் போட்டி வைத்து, மதிப்பெண் போட்டு, தோற்ற அணிக்குத் தோப்புக்கரணமும் கொடுத்தால், ஊர்த் திருவிழாவில் நடப்பதற்கு ஒத்திகை முடிந்தது.

இரண்டு, இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்வது. தலைவர்களாக நிற்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லத் தேவையில்லை. கடைசிவரை எடுக்கப்படாமல் நிற்கும் பிள்ளை யாரென்றும் தெரியும். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், "நீ மார்க் எழுது", "நீ அட்டையை அடுக்கி வை", "நீ தண்ணி கொண்டா" என்பதோடு ஆட்டம் முடிந்துவிடும். வட்ட விளையாட்டில் கையைப் பிடிக்காமல் சட்டைக்கையின் நுனியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீடு கற்றுக்கொடுத்தது. பள்ளி பார்த்துக்கொண்டு இருந்தது.

மூன்று, நிலை வாரியாகப் பிரிப்பது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்து தொடங்குவது சரிதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் அரும்பில் உட்காருவது யார்? தை பிறந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விட்டு ஆனி மாதம் திரும்புகிற பிள்ளை. பாதி ஆண்டு பள்ளியில் இல்லாத பிள்ளை. அந்தப் பிள்ளைகள் எந்தத் தெரு என்று பாருங்கள். பாடத்துக்குப் பிரித்த அதே நிலையில் விளையாட்டுக்கும் அணி பிரித்தால், பூவின் பெயர் வைத்தாலும் வகுப்புக்குள் ஒரு சேரி உருவாகிவிடும். பிள்ளைகள் ஒருவரையொருவர் "அவன் அரும்பு" என்று கூப்பிடத் தொடங்கும் நாளில் உங்கள் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. அங்கே இந்தச் சிக்கலே இல்லை என்பார்கள். ஆமாம், இல்லை. அங்கே அணி பிரிக்கும் வேலையைப் பள்ளி வாசலிலேயே ஊர் முடித்துவிட்டது.

ஒரு புதிர் விளையாட்டு காட்டிய உண்மை

"நீங்கள் எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது" என்பவர்களுக்காக ஓர் ஆய்வு.

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2004-ல் வெளியிட்டது. ஆறு, ஏழாம் வகுப்புப் படிக்கும் மேல்சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்ப் படங்களைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். விடுவித்தால் காசு. சாதியைப் பற்றி யாரும் பேசாதபோது இரண்டு தரப்பும் ஒரே அளவுக்கு விடுவித்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்து, விளையாட்டைத் தொடங்கும் முன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். அதே வயதுப் பிள்ளைகள், அதே புதிர், அதே காசு. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த எண்ணிக்கை விழுந்தது. மூளை அதேதான். சாதியை உரக்கச் சொன்னது மட்டும்தான் புதிது.

இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். பரிசு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று சொன்னார்கள். மனிதர் முடிவு செய்யப் போவதில்லை, சீட்டு முடிவு செய்யும். சாதி இடைவெளி மறைந்துவிட்டது.

இதை ஒவ்வோர் ஆசிரியரும் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் பிள்ளை விளையாட்டைப் பார்த்துப் பயப்படவில்லை. நடுவரைப் பார்த்துப் பயப்படுகிறது. தன்னை எடை போடுகிறவர் என்ன நினைத்துக்கொண்டு எடை போடுகிறார் என்று அதற்குத் தெரியும். "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பின் நடுவில் கணக்கெடுத்துவிட்டு, அடுத்த பாடவேளையில் "வாங்க, விளையாடலாம்" என்று கூப்பிடுகிறீர்களே, அந்த விளையாட்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

எந்த விளையாட்டு?

நம் பாரம்பரிய விளையாட்டுகளை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம் என்கிறார்கள். "நம்" என்றால் யார் என்று கேட்பது எங்கள் பழக்கம்.

பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண் கற்பிக்க வசதியான விளையாட்டுதான். கட்டையை உருட்டினால் கூட்டல், பாம்பு கடித்தால் கழித்தல். ஆனால் அந்தப் படம் கூட்டல் கழித்தலுக்காக வரையப்பட்டதா? புண்ணியம் செய்தவன் ஏணியில் ஏறி வைகுண்டம் போகிறான், பாவம் செய்தவன் பாம்பின் வாயில் விழுந்து கீழே வருகிறான் என்று சொல்வதற்காக வரையப்பட்டது. விழுவதும் ஏறுவதும் கட்டை உருண்ட விதம். அதற்குப் புண்ணியம், பாவம் என்று பெயர். நீ சேரியில் பிறந்ததற்கும் இப்படித்தான் காரணம் சொன்னார்கள். எண்ணுக்காக ஏணியும் பாம்பும் வேண்டுமென்றால் புண்ணிய பாவம் இல்லாத வெறும் படம் வரைந்துகொள்ளலாம், அதற்கு ஒரு சார்ட் அட்டை போதும்.

"பகடை" என்ற சொல்லையும் கவனியுங்கள். பாடப்புத்தகத்துக்கு அது உருட்டும் கட்டை. அருந்ததியர் பிள்ளைகளுக்கு அது தங்கள் சாதியைக் குறிக்க ஊர் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று. "பகடையை உருட்டு" என்று ஆசிரியர் சொல்லும்போது நான்கு பேர் ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தால், அந்தப் பிள்ளைக்கு அன்றைய கணக்கு ஏறுமா? தாயக்கட்டை என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நட்டம்?

பழைய விளையாட்டு எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பல்லாங்குழியைப் பாருங்கள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, எதிரெதிரே இரண்டு பேர். தொடங்கும்போது ஆளுக்கு 35, சரி சமம். ஆட்டம் முடிந்ததும் அவரவர் ஜெயித்ததை வைத்து அவரவர் குழியை நிரப்ப வேண்டும். தோற்றவருக்குச் சில குழிகள் நிரம்பாது. அடுத்த ஆட்டத்தை அவர் அந்தக் குழிகள் இல்லாமலே தொடங்க வேண்டும். விதி இருவருக்கும் ஒன்றுதான், திறமையும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நிலம் ஒருவரிடம் குறைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்: "இப்போது இரண்டு பேருக்கும் சமமான ஆட்டமா?" சரியான பதில் சொல்லும். 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படி எப்படியோ கைமாறிப் போன கதையை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. இடஒதுக்கீடு ஏன் என்று கேட்கும் பெரியவர்களையும் ஒருமுறை பல்லாங்குழி ஆட உட்கார வைக்கலாம்.

தாய்மார்கள் கேட்பது

எங்கள் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் தாய் கேட்கிறார்: "வெளையாட்டைத் தெருவுலயே வெளையாடிக்குது. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அனுப்புறோம்? நாலு எழுத்து கத்துக்கத்தானே?"

இதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் படித்த முட்டாள்கள். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தனியார் பள்ளியில் வண்ணக் கட்டைகளை அடுக்கி விளையாடும் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்ல அம்மா இருக்கிறார், சாயங்காலம் டியூஷன் இருக்கிறது. பள்ளியில் விளையாடி முடித்தாலும் எழுத்து வேறு வழியில் வந்து சேர்ந்துவிடும். எங்கள் பிள்ளைக்கு எழுத்து வர ஒரே வழிதான், அது பள்ளி. அந்த நேரத்தையும் எழுத்தில் போய் முடியாத விளையாட்டில் கழித்துவிட்டு, "பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால், அது எங்கள் பிள்ளையிடமிருந்து திருடிய நேரம்.

அதனால் விளையாட்டு வேண்டாம் என்பதல்ல பதில். விளையாட்டு எழுத்தில் முடிய வேண்டும். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. விற்கும் பொருளுக்கு மனக்கணக்காக விலை கூட்டிச் சில்லறை கொடுப்பதில் அந்தச் சிறுவர்கள் தடுமாறவில்லை. அதே கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தால் பெரும்பாலானவர்களால் போட முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருந்தது.

செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று அப்பாவோடு சேர்ந்து கணக்குப் பார்த்த பிள்ளை எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதை "மெல்லக் கற்போர்" பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். கடை விளையாட்டு வைத்துப் பாருங்கள். காகித நோட்டு, காலி டப்பா, விலைச் சீட்டு. அந்தப் பிள்ளை கல்லாவில் உட்காரட்டும். வகுப்புக்கே கணக்குச் சொல்லும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வாயில் சொன்ன கணக்கை அதே கையால் கரும்பலகையில் எழுத வையுங்கள். தேர்வு கேட்பது தாளில் உள்ள கணக்கை. வேலை கேட்பதும் அதையே. வாய்க்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பாலம்தான் விளையாட்டு. பாலத்தைக் கடக்காமல் அதன் மேலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தால் தாய் கேட்கத்தான் செய்வார்.

ஜெயித்த பிள்ளையை யார் காப்பது?

கடைசியாக ஒன்று. எங்கள் பிள்ளை ஜெயித்தால் என்ன நடக்கும்?

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை மறித்து இறக்கி, விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அதற்கு முன் 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே ஒரு தலித் மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். விளையாட்டுக்குச் சாதி இல்லை என்கிறவர்கள் அந்த விரல்களுக்கும் அரிவாளுக்கும் பதில் சொல்லட்டும்.

பதினொன்றாம் வகுப்பில் அரிவாள் எடுக்கிற கை ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் வருகிறது. சேரிப் பிள்ளையிடம் தோற்பது அவமானம் என்று அந்தப் பிள்ளை எங்கோ கற்றுக்கொண்டது. தோற்பது சாதாரணம், நேற்று இவன் என் அணியில் இருந்தான், இன்று எதிர் அணியில் இருக்கிறான், நாளை இவனே எனக்குத் தலைவன் என்று பத்து ஆண்டுகள் வாரத்துக்கு இரண்டு முறை விளையாடிப் பழகியிருந்தால் அந்தக் கை அரிவாளைத் தேடியிருக்குமா? அரிவாளைத் தடுக்கக் காவல்துறையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் தோற்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளியைத் தவிர வேறு இடம் இல்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, வண்ணப் பட்டை கூடாது என்றது. வகுப்பில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. ஏன் அகர வரிசை? இருக்கையைச் சாதி முடிவு செய்யக் கூடாது என்பதற்காக. அதே நியாயம் அணிக்கும் பொருந்தும். இருக்கையைச் சரிசெய்துவிட்டு ஆட்டத்தைச் சாதியிடம் விட்டுவிட முடியாது.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளிடமே வழி இருக்கிறது. உத்தி பிரிப்பது என்பார்கள். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "மாங்கா வேணுமா, தேங்கா வேணுமா?" தலைவர் ஒன்றைக் கேட்பார். எந்தப் பெயருக்குள் யார் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் அவர் அணி. ஆளைப் பார்த்து எடுக்க முடியாது, அப்பன் பெயரைப் பார்த்து எடுக்க முடியாது. இரண்டு அணியும் சமமாகவும் இருக்கும். பாடப்புத்தகம் எழுதியவர்களுக்கு வராத யோசனை, புழுதியில் விளையாடும் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

எனவே நாங்கள் கேட்பவை இவை:

1. வகுப்பறை விளையாட்டு எதிலும் அணியைச் சீட்டோ உத்தியோ பிரிக்க வேண்டும். "பிடித்தவர்களோடு சேருங்கள்" என்பதும், தலைவர்கள் ஆள் எடுப்பதும் கூடாது. ஆசிரியர் கையேட்டில் இதை எழுத்தில் சேர்க்க வேண்டும்.

2. அணித் தலைமை, மதிப்பெண் எழுதுவது, பொருள்களை எடுத்து வைப்பது மூன்றும் சுழற்சி முறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். ஒரே பிள்ளை எப்போதும் தலைவர், ஒரே பிள்ளை எப்போதும் எடுபிடி என்பது இருக்கக் கூடாது.

3. அரும்பு, மொட்டு, மலர் பாடத்துக்கு மட்டும். விளையாட்டில் மூன்றும் கலந்த அணிகள்தான் இருக்க வேண்டும்.

4. ஒவ்வொரு விளையாட்டும் எழுத்திலோ எண்ணிலோ முடிய வேண்டும். அதை எழுதக் கரும்பலகைக்கு வரும் பிள்ளையும் சுழற்சியில் வர வேண்டும்.

5. சாதிவாரிக் கணக்கெடுப்பை வகுப்பில் எழுப்பி நிறுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும் இடத்திலும், சாப்பாட்டு வரிசையிலும் அதே அணி ஒன்றாக நிற்க வேண்டும். பாலுவின் மண் குவளை எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது.

இதில் எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. டெண்டர் விட வேண்டியதில்லை. ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டாக்கினால் போதும். ஆசிரியர் தோழர்களே, திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் செய்யலாம். செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், ஏன் முடியாது என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம்தான் அந்தப் பள்ளியின் சாதி.

ஜெய் பீம்.